அன்பளிப்பு என்று எழுதியிருந்த போர்வை

உறங்கும் மகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நடந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளிப் போர்வையைக் கண்டேன். வட அமெரிக்காவின் அனிஷினாபே பூர்வகுடிப் பெண் ஒருத்தி பட்டு ரிப்பனை இலை இலையாக வெட்டி, விளிம்பை மடித்து, கரையெங்கும் தைத்திருந்தாள். நடுவில் பிள்ளை படுத்துத் தேய்ந்த இடம். கீழே, குறிப்பட்டையில் 'அன்பளிப்பு'.

என் சிறுவயதில் பிளேஸ்டோ பகுதியில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட அகதி விடுதி நினைவில் எழுந்தது: ஹீட்டரில் காயும் கம்பளியின் ஈரமணம், இரவெல்லாம் முனகும் தண்ணீர்க் குழாய்கள், எனக்குப் போர்த்தும் சாம்பல் போர்வையில் தன் கூறைச்சேலைக் கரையை வெட்டிவைத்துத் தைக்கும் அம்மாவின் ஊசி. விடுதிப் பொறுப்பாளர் பெண் வரும்போதெல்லாம் அதைத் தடவி, கண்காட்சிக்குத் தரமுடியுமா என்று சிரித்தபடி கேட்பாள். ஒருநாள் பள்ளியால் வந்தபோது கட்டிலில் போர்வை இல்லை.

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே அம்மா?"

"அவையின்ர அறையிலை இருந்துகொண்டோ?"

இந்த அனிஷினாபே பெண் மனமுவந்தே கொடுத்திருக்கலாம். நான்தான் வீணாகச் சந்தேகிக்கிறேனோ தெரியவில்லை. ஆனால் அம்மாவின் போர்வைக்குக் கீழேயும் 'அன்பளிப்பு' என்றுதான் எழுதியிருப்பார்கள்.