அப்பா எடுத்த இலை

சென்னை ஓட்டலில் நண்பர்களோடு சாப்பிட உட்கார்ந்து, விரித்த வாழையிலையில் தண்ணீர் தெளித்தேன். ஈர இலையின் அந்தப் பச்சை வாசனை போதும், நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவை மட்டும் வெளியே அழைத்து, "வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க. ஆசப்பட்டதக் குடுங்க" என்றார். அம்மா அப்பாவிடம், "ஒடம்பு சரியாயிடுச்சாம்" என்றாள். அப்படியே எங்களைப் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். மூவருமே அதுவரை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அப்பாவுக்கு ரசம் சோறு மட்டும்தான் இறங்கியது. வடக்கனந்தலில் நாங்கள் கூலிக்குப் போகும் பண்ணை வீட்டில், சாப்பிட்ட இலையை நாங்களே எடுத்துப் போட்டு, உட்கார்ந்த இடத்தையும் கழுவிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் அப்பா இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எடத்தக் கழுவணும். தண்ணி எங்கங்க இருக்குது?"

பரிமாறுகிறவர் பதறிப்போனார். "வெச்சிடுங்கண்ணே, நாங்க எடுத்துக்குவோம்."

அப்பா இலையை மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் வந்து அதை எடுத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தபா வரணும்மே" என்றார் அம்மாவிடம்.

"வரலாம்" என்ற அம்மா, காலி டம்ளரை அண்ணாந்து வெகுநேரம் குடித்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன நண்பர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். என் இலையை எடுக்க இன்னும் யாரும் வரவில்லை.