பூக்காரம்மாவின் முதல் அட்டை

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவளுக்குப் பூக்காரம்மா என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். பூவையும் ஓட்டத்தையும் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்களெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதிய ஓர் அட்டை. பெரிய பூவுக்குள் இருக்கும் பொடிப்பூவுக்கு ‘ஃப்ளாஸ்கியூல்’, நிற்காமல் பெருகி ஓடுவதற்கு ‘ப்ராஃப்ளுவென்ட்’. யாருக்கு வேண்டும் இதெல்லாம்? கேட்டால் சண்டைக்கு வருவாள். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள்.

புதிய பதிப்பில் பக்கங்களைக் குறைக்க வேண்டும் என்றார் ஆசிரியர். கடந்த நூறு வருஷத்தில் ஒருவராவது அச்சில் எழுதியிருந்தால்தான் சொல் பிழைக்கும். அதிலும் சொல்லைப் பற்றி எழுதியது செல்லாது. போகிற போக்கில் யாராவது பயன்படுத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெடு. அவள் இழுப்பறையிலிருந்து அட்டைகள் கட்டுக்கட்டாகப் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். ஒன்றை மட்டும் விடவில்லை: ‘டெஃப்ளுவஸ்’. வழிந்து இறங்குவது, உதிர்ந்து விழுவது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் எழுதிய முதல் அட்டை.

“தண்ணிக்கும் பூவுக்கும் சேர்த்து ஒரே சொல்லு. இதைத் தூக்கிப் போட எப்படிங்க மனசு வரும்?” என்று என்னிடம் கத்தினாள், ஏதோ நான் தூக்கிப் போட்டதுபோல.

அவள் தம்பி ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வெள்ளிதோறும் தோட்டக் குறிப்பு எழுதுகிறவன். புதன்கிழமை அவனுக்குப் போன் போட்டாள்.

“டேய், உன் கட்டுரையில இந்தச் சொல்லை எங்கயாவது சொருகிடு. ஏன் எதுக்குன்னு கேக்காதே.”

“கள்ளாட்டம்” என்றேன்.

“வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க.”

வெள்ளிக்கிழமை பத்திரிகை பதினொரு மணிக்குத்தான் வரும். ஒன்பதிலிருந்தே வாசலுக்கும் மேசைக்குமாக இருப்புக்கொள்ளாமல் நடந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. நகத்தைக் கடித்தாள், என் பென்சிலைக் கடித்தாள்.

வந்ததும் பிடுங்கி விரித்தாள். சிரித்தாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். நான் வாங்கிப் படித்தேன். ‘கொடியிலிருந்து வழிந்து உதிரும் பூக்களுக்கு டெஃப்ளுவஸ் என்று ஓர் அழகான பழஞ்சொல் உண்டு. அதை எனக்குச் சொன்னவர், இருபத்திரண்டு வருஷமாக அகராதிக்கு உழைக்கும் என் அக்கா’ என்று எழுதியிருந்தான்.

செல்லாது. சொல்லைப் பற்றி எழுதிவிட்டான் பாவி, அதுவும் அக்காவைச் சாட்சி வைத்து! அவனை நாலு சாத்து சாத்தலாம்போல வந்தது.

அப்போது போன் அடித்தது. அவன் பேசியது எனக்கே கேட்டது.

“அக்கா, பாத்தியா? இத்தனை வருஷத்துல உன்னைப் பத்தி ஒருத்தராவது ஒரு வரி எழுதியிருக்காங்களா? அதான் நான் எழுதிட்டேன். சந்தோஷமா?”

அட்டை அவள் கையில் இருந்தது.

“ரொம்ப சந்தோஷம்டா” என்றாள்.

போனை வைத்துவிட்டு, பத்திரிகையை மடித்துக் கைப்பையில் போட்டாள். கெடுவுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்போதே அட்டையை ஆசிரியரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள், சாயங்காலம்வரை நாற்காலியை விட்டு எழவேயில்லை.