பெரியப்பாவின் காட்டுக்கு இறங்கிப்போன மண்

வெறுங்காலோடு மிதித்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும் மண் அது. பெரியப்பாவின் செம்மண் காட்டில் சூடு பொறுக்காமல் குதித்துக் குதித்து ஓடிவந்து, வரப்பைத் தாண்டி எங்கள் சரிவில் கால் வைத்ததும் முதலில் சருகு நொறுங்கும், அதற்கடியில் பஞ்சு போல ஏதோ அமுங்கும், அதற்கும் அடியில் கல்லொன்று குதிகாலில் முட்டும். அந்த மண்ணின் மேல் ஆசைப்பட்டு இதை எழுத உட்காரவில்லை. அது எங்களைக் கைவிட்டதா, நாங்கள் அதைக் கைவிட்டோமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. தீராமலேயே என் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொமரலிங்கத்துக்குத் தெற்கே, மலை இறங்கிவந்து சமதரையைத் தொடுகிற இடத்தில் எங்கள் நிலம் இருந்தது. பாகம் பிரித்தபோது கிணறும் அதைச் சுற்றிய செம்மண்ணும் மூத்தவரான பெரியப்பாவுக்கும், அதற்கு மேலே பாறையும் மரமுமாக ஏறிப்போன சரிவு இளையவரான அப்பாவுக்கும் வந்தன. கொங்குப் பக்கம் உழுது விதைக்கிற நிலத்தைத்தான் "காடு" என்போம். ஆனால் எங்களுடையது நிஜமாகவே காடு. உசிலையும் வெக்காலியும் வெள்வேலுமாக மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். ஊரார் அதற்கு "கல்லாங்காடு" என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரோடு எப்போதும் ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும்.

அந்த மண்ணுக்கு ஆழம் கிடையாது. மேலே ஒரு சாண் சருகு, அதன்கீழ் மக்கிக் கறுத்த இலைமண் விரற்கடை அளவு, அப்புறம் சரளைக்கல்லோடு கலந்த பழுப்பு மண், அதற்குள் பாறை வந்துவிடும். ஓரிடத்தில் முழங்கை ஆழம் தோண்டலாம், அடுத்த எட்டில் மண்வெட்டி டணீரென்று தெறிக்கும். இரண்டு பாறைகளுக்கு நடுவே கைப்பிடி மண்தான் இருக்கும், அதில் ஆளுயர மரம் ஒன்று நிற்கும். எத்தனை மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் தேங்கி நான் பார்த்ததில்லை, வந்ததெல்லாம் உள்ளே போய்விடும். மழை ஓய்ந்து வெகுநாள் கழித்துச் சருகை ஒதுக்கினாலும் கையில் ஈரம் ஒட்டும். அப்பா அதில் எதையும் விதைத்ததில்லை. ஆடு மேய்த்தார், காய்ந்த விறகு பொறுக்கினார், உசிலை இலையைப் பறித்து உலர்த்தி, தலைக்குத் தேய்க்கிற "அரப்பு" இடித்துக் கொடுத்தார். அம்மாதான் பெரியப்பா காட்டுக்கே களையெடுக்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருஷம் பெரியப்பா வீட்டில் ஒரு விசேஷம். பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரி அம்மாவிடம், "உங்க காட்ல என்னங்க வெள்ளாமை?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள். "அவிங்களுக்கென்னுங்க, வருசம் முச்சூடும் கல்லு வெளையுது."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கிவிட்டது, அதை அவள் கவனிக்கவேயில்லை. வாசலுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள்: "ஏனுங்க, அந்தக் காட்டை வெட்டிப் போடலாமுங்க. நாமளும் நாலு பேரு மாதிரி ஒரு வெள்ளாமை வெக்கோணும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

தை கழிந்து ஆட்கள் வந்து மரங்களை வெட்டினார்கள், பிறகு பொக்லைன் வந்து வேர்களைப் பிடுங்கியது. ஒவ்வொரு வேரும் தன் பிடியில் ஒரு கல்லையும் சேர்த்துக்கொண்டுதான் மேலே வந்தது. குழந்தையை இறுக்கிய கைபோல வேர்கள் கல்லைச் சுற்றியிருந்ததைப் பார்த்து எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்பா அந்த நாட்களில் சரிவுப் பக்கம் வராமல் ஆடுகளை ஆற்றோரம் ஓட்டிப் போனார்.

ஆடியில் மொச்சை ஊன்றினோம். அந்த வருஷம் மழை பூந்தூறலாகவே பெய்தது. உரம் என்று ஒன்றும் போடாமல் செடி இடுப்புக்கு வளர்ந்து, பூத்து, காய்த்துத் தொங்கியதைக் கண்டு ஊரே ஏறிவந்து பார்த்தது. பெரியப்பாவும் வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "ஏண்டா, இந்த மண்ணை வெச்சுக்கிட்டாடா இத்தன நாளா ஆடு மேச்சுட்டு இருந்தே?" என்று அப்பாவிடம் கேட்டார். அவர் குரலில் இருந்தது பொறாமை என்று அம்மாவுக்குப் புரிந்தது, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பருவம் முழுக்க வீடெங்கும் மொச்சை வாசம் அடித்தது. அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு தோல் உரித்ததை அப்போதுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

எத்தனையோ காலம் உதிர்ந்து மக்கிய இலைகளின் சத்து அது என்பதும், நாங்கள் அதை ஒரே பருவத்தில் உண்டு தீர்த்தோம் என்பதும் எங்கள் யாருக்கும் அன்று உறைக்கவில்லை.

அடுத்த ஆடியிலும் மொச்சையே ஊன்றினோம். அந்த ஐப்பசி மழை வேறு மாதிரி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது மலை தெரியவில்லை. சரிவிலிருந்து காப்பித்தண்ணி நிறத்தில் வெள்ளம் இறங்கிக்கொண்டிருந்தது, அதில் மொச்சைச் செடிகள் வேரோடு மிதந்தன. அப்பா கல்லைக் கல்லாக உருட்டி அணை கட்டப் பார்த்தார். அம்மா சாக்கில் மண்ணை அள்ளி அடைத்து அடுக்கினாள், அடுக்கிய சாக்கு அப்படியே நகர்ந்து போனது. "புடிங்க, அதைப் புடிங்க!" என்று அவள் கத்தியது யாரைப் பார்த்து என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தண்ணீரைப் பிடிக்கச் சொன்னாளா, மண்ணைப் பிடிக்கச் சொன்னாளா?

விடிந்து பார்த்தால் எங்கள் சரிவு பாறையாகக் கிடந்தது. கழுவித் துடைத்தது போன்ற சாம்பல்நிறப் பாறை, அதன் வெடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சரளை. கீழே பெரியப்பாவின் செம்மண் காடு கறுப்பாகியிருந்தது. வரப்பு தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு எங்கள் மண் அங்கே படிந்திருந்தது.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் காட்டுக்குள் இறங்கி மண்ணை அள்ள ஆரம்பித்தாள். பெரியம்மா ஓடிவந்து கூடையைப் பிடித்தாள்.

"ஏனுங்க அக்கா, இது எங்க மண்ணுங்க," என்றாள் அம்மா.

"எங்க காட்ல கெடக்கறது எப்படி உங்க மண்ணாகும்? நாங்களா வந்து அள்ளிட்டு வந்தோம்? மழை கொண்டாந்து போட்டுச்சு!"

சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார். கொஞ்ச நேரம் மேலே பாறையையும் கீழே அம்மாவையும் பார்த்தார். பிறகு பெரியம்மாவிடம், "உடு, அள்ளிட்டுப் போவுட்டும். எத்தன கூடை வேணுமோ அள்ளிக்கட்டும். அங்க நிக்குதான்னு பாக்கலாம்," என்றார். தடுத்திருந்தால்கூட அம்மா அழுது தீர்த்திருப்பாள். அனுமதித்துவிட்டார்.

நாங்கள் சுமந்தோம். அம்மா பெரிய கூடையிலும் நான் சின்னக் கூடையிலும், பிறகு வந்து சேர்ந்துகொண்ட அப்பா சாக்கிலும். ஊர்ச்சனம் வாய்க்கால் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. கல்வரிசை கட்டி அதற்குள் மண்ணைக் கொட்டி மிதித்தோம். ஆனால் மேலே போன மண் பழைய மண்ணாக இல்லை. சருகும் வேரும் புழுவும் கழுவிப்போன வெறும் சேறு, வெயில் அடித்ததும் ஓடு போல இறுகி வெடித்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் மேலேயே வழிந்தது. அதில் ஊன்றிய விதை முளைத்து இரண்டு இலை விட்டுக் கருகியது. கோடைமழை ஒன்று வந்து மிச்சத்தையும் பெரியப்பா காட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் அந்த வருஷம் அங்கே தென்னங்கன்று நட்டார்.

நாங்கள் திருப்பூருக்கு வந்துவிட்டோம். ஒரே அறையுள்ள "லைன் வீடு". அப்பா சாயப்பட்டறையில் துணி அலசினார், அம்மா பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினாள், நான் பத்தாவதோடு நின்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் இருந்த தூத்துக்குடிக்காரக் குடும்பம் பொங்கலுக்கு ஊருக்குப் போவதைப் பற்றி மாதக்கணக்கில் பேசும். எங்கள் அறையில் ஊர்ப்பேச்சே கிடையாது. ஒரே ஒருமுறை, சாயத்தில் வெந்து புண்ணான அப்பாவின் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கையை நிறுத்தினாள்.

"வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே. ஏனுங்க சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கோணும்."

அப்பா காலை இழுத்துக்கொண்டார். அவர் சாகும்வரை அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

போன மாதம் பெரியப்பா இறந்த காரியத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சடங்கு முடிந்ததும் அவள் சரிவைப் பார்க்கவேண்டும் என்றாள். உசிலை ஒன்றுகூட இல்லை, உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் வெடிப்புகளில் முளைத்திருந்தன. பாறைச்சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. பக்கத்தில் யாரோ பண்ணைவீடு கட்டுகிறார்கள், மலை தெரியும் மனை என்று பலகை வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு மண் இருந்தது என்று சொன்னால் அங்கே வேலை செய்த பீகார்ப் பையன்கள் மட்டுமல்ல, உள்ளூர்ப் பிள்ளைகளும் நம்பப்போவதில்லை.

இறங்கி வந்தபோது பெரியப்பா மகன் தோப்பில் எங்களுக்காகக் காத்திருந்தான். நல்லவன், அந்தச் சண்டைகள் எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. தென்னைகள் கறுத்துக் கொழுத்து வானத்துக்கு நின்றன. ஒரு குலையை இறக்கி, இளநீர் ஒன்றைச் சீவி அம்மாவிடம் நீட்டினான்.

"குடிங்க சின்னம்மா. இந்தச் சுத்துப்பட்டுல இப்படி ருசி எங்கயும் இல்லீங்க."

அம்மா வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஆமாங் கண்ணு," என்றாள். "மண்ணு அப்படி."