ஏழாம் பின்னிணைப்பில் ஒரு குழி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டேப்பு. சாலை ஆய்வாளர் என்பதெல்லாம் சம்பளச் சீட்டில் மட்டும்தான். இடுப்பில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். பழைய சாலையில் நடப்பார், குழிகளை அளப்பார், படிவத்தில் எழுதுவார், கால் வலியோடு வீட்டுக்குப் போவார். குழியை மூட மாட்டார். பன்னிரண்டு வருஷமாக அவர் வேலையே மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அப்படித்தான் ஆகிவிட்டது.

காரணம், பக்கத்தில் போகிற நாலுவழிச் சாலை. அரசின் கையில் காசில்லை, சாலை மட்டும் வேண்டும். ஒரு கம்பெனி வந்தது. நாங்களே போடுகிறோம், முப்பது வருஷம் சுங்கம் வாங்கிக்கொள்கிறோம், அப்புறம் சாலை உங்களுக்கு என்றது. நல்லதாகப் போயிற்று என்று கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி என்ன ஏமாந்த சோணகிரியா? பழைய சாலை நன்றாக இருந்தால் எவன் சுங்கம் கட்டிப் போவான்? அதனால் ஒப்பந்தத்தில் ஒரு விதி: பழைய சாலையை அரசு மேம்படுத்தக் கூடாது. கையெழுத்தான அன்று இருந்ததைவிட மோசமானால் மட்டும், அன்றைய நிலைக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் ஒரு சட்டி ஜல்லி போட்டாலும் நஷ்டஈடு.

அந்த அன்றைய நிலையை எழுதியவர் டேப்புதான்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு விரல் பள்ளத்தை ஒரு சாண் என்று எழுதினால்தான் மேலே இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதியவர் சாலைக்குத் தார் வண்டி வந்த சரித்திரமே கிடையாது. அவரும் வருஷா வருஷம் எழுதுவதுபோல நாலு சென்டிமீட்டரை இருபத்திரண்டு என்று எழுதி அனுப்பினார். அந்த வருஷம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பட்டியலை எடுத்து, ஒப்பந்தத்தின் ஏழாம் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார். தார் வாங்கச் சொன்ன பொய், தார் வராமல் பார்த்துக்கொண்டது.

பட்டியலில் இருபத்திரண்டு என்று போட்ட பதினாறாவது குழி அவருடைய அக்கா வீட்டு வளைவில் இருக்கிறது. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு தடவை ஆட்டோவில் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். புதுச் சாலையில் ஏறுகிற வழி பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், பழைய சாலையை விட்டால் வேறு கதி இல்லை. போன வாரம் திரும்பி வரும்போது சக்கரம் அந்தக் குழியில் இறங்கியது. அக்காவின் இடது கை கம்பியில் மோதி, ஊசி போட்ட இடம் திறந்துகொண்டது. சேலையெல்லாம் ரத்தம். ஆட்டோக்காரர் துண்டால் இறுக்கிக் கட்டி மறுபடி ஆஸ்பத்திரிக்கே திருப்பினார்.

மறுநாள் டேப்பு பொறியாளரம்மா முன்னால் போய் நின்றார்.

"இப்ப எவ்வளவு ஆழம் இருக்கு?"

"பதினேழு மேடம்."

"பின்னிணைப்புல இருபத்திரண்டு. இன்னும் அஞ்சு பாக்கி இருக்கே."

"அது நான் எழுதின பொய் மேடம். பொய்னே எழுதிக் குடுத்துடறேன்."

பொறியாளரம்மா பேனாவை மூடி வைத்தார். கெட்டவர் இல்லை. அவரும் அந்த ஒப்பந்தத்தோடு மாரடித்து அலுத்துப்போனவர்தான். "குடுத்தா கம்பெனி வழக்குக்குப் போகும். அது முடியறதுக்குள்ள முப்பது வருஷமே முடிஞ்சிடும். குழி அப்படியே இருக்கும். உங்களுக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான். பென்ஷன்தான் நின்னு போகும். வேணாங்க."

சாயங்காலம் அக்காவிடம் சொன்னார். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டது யாரு?"

"அரசு."

"நான் அரசா?"

"இல்லக்கா."

"அப்ப நான் மூடறேன். நீ சும்மா நில்லுடா தம்பி. அரசு இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணுது."

காலையில் எதிர்வீட்டில் இடித்துப் போட்ட சுவரின் கல்லும் மண்ணும் குழிக்கு வந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர், ஆட்டோக்காரர், அக்கா. டேப்பு துறையின் ஆரஞ்சு மேல்சட்டையோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாய் மட்டும் நிற்கவில்லை.

"பெரிய கல்லு அடியில... ஐயோ, அதை மேல போடாதீங்க. தண்ணி தெளிங்க. இப்ப குத்துங்க."

குத்துகிற திமிசுக் கட்டையை அக்கா வலது கையால் தூக்கினாள். ஒற்றைக் கையில் அது முழங்கால் உயரம்கூட எழவில்லை. இரண்டாவது குத்தில் இடது கையும் தானாக உதவிக்கு வந்தது. கைக் கட்டின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. டேப்புக்குத் தாங்கவில்லை. போய்ப் பிடுங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்த கை குத்தக் குத்த, மனசு குளிர்ந்தது. மேல்சட்டையைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கம்பெனியின் ரோந்து ஜீப் எப்போது வந்து நின்றது, எத்தனை படம் எடுத்தது என்பதும் தெரியாது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரி போய்வந்து அக்கா போன் செய்தாள். "வளைவு வந்ததே தெரியலடா." அவ்வளவுதான் சொன்னாள்.

பத்தாம் நாள் கம்பெனியின் நோட்டீஸ் வந்தது. பொறியாளரம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு வாசித்தார். "அரசு, மேற்படி தேதியில், பதினாறாம் குழியை நிரப்பிப் பழைய சாலையை மேம்படுத்தியுள்ளது. ஏழு நாட்களுக்குள் அரசு அதைப் பின்னிணைப்பில் கண்ட ஆழத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்." கூடவே ஒரு படம். படத்தில் அக்கா இல்லை, பெண்கள் இல்லை. ஆரஞ்சுச் சட்டையில் குனிந்திருக்கிற ஒரே ஒரு ஆள்.

"இருபத்திரண்டா மேடம்? அவ்வளவு ஆழம் அது எப்பவுமே இருந்ததில்லையே."

"தெரியும். உங்க பென்ஷன் என் கையில இல்லைங்க. தோண்டிட்டா பேசிப் பார்க்கலாம்னு மேல சொல்றாங்க. என்ன பதில் எழுதட்டும்?"

அவர் நோட்டீஸையும் படத்தையும் இன்னொரு தடவை பார்த்தார். முப்பத்தொரு வருஷ வேலையில் அவரை யாரும் அப்படி எழுதியதில்லை.

"அரசுன்னு போட்டிருக்காங்களே மேடம்," என்றார். "அரசு முடியாதுன்னு சொல்லிட்டதா எழுதுங்க."