பிரேக்கை மிதித்தால் நிற்கும் வைப்பர்

1. கிள்ளிப்பாலம் சிக்னல்

போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். ஷெட்டில் ஒரு ஆட்டோவின் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட்டிருந்தேன். போன் வந்தது.

"ஞானதாஸ் அண்ணாவா? நான் கோமதி டீச்சரோட பையன் ரகு. கிள்ளிப்பாலம் சிக்னல்ல நிக்கறோம். மழை கொட்டறது. வைப்பர் பாதிக் கண்ணாடில நின்னுடுத்து. முன்னாடி ஒண்ணும் தெரியல. பின்னாடி பஸ்காரன் ஹார்ன்லேர்ந்து கையை எடுக்க மாட்டேங்கறான்."

ஸ்டார்ட்டரை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். சொந்த ஊர் பாறசாலை. கரமனையில் ஷெட் போட்டு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கோமதி டீச்சர் ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் இருப்பவர், கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் வாங்கிய பழைய அம்பாசடர் அவரிடம் இருந்தது. கணவர் போன பிறகு, ஐம்பத்தைந்து வயதில், அந்த வண்டியிலேயே ஓட்டப் படித்தார். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருக்கும் வண்டிதான் அவர் கைக்கு வரும். வேறு வண்டியைத் தொட்டதில்லை.

அந்த வைப்பரை நான் அதற்கு முன்பே மூன்று தடவை சரிசெய்து கொடுத்திருந்தேன். மூன்று தடவையும் "இனி வராது" என்று வாய் கூசாமல் சொல்லியும் இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் நல்ல பிள்ளையாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

ரகு பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அண்ணா, உங்களைக் குத்தம் சொல்லல. வண்டிக்கு வயசாயாச்சு. எறணாகுளத்துல கல்யாணத்துக்குக் கார் விடற ஒருத்தர் கேட்டிண்டிருந்தார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கோங்கோன்னு சொல்லப்போறேன். அம்மா இனிமே ஆட்டோல போகட்டும்."

டீச்சர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "தாஸ், சனிக்கிழமை வரைக்கும் டயம் இருக்கோல்லியோ?"

"இருக்கு டீச்சர்" என்றேன். அந்த நிமிஷம் முடிவு செய்தேன். இதைக் கண்டுபிடிக்காமல் அந்த வண்டியை எறணாகுளத்துக்கு அனுப்புவதில்லை.

2. முதல் நாள் நான் செய்தது

இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே வீண். மூன்று மாசத்துக்கு முன் டீச்சர் முதல் தடவை ஷெட்டுக்கு வந்தபோது சொன்னது இதுதான்: "தாஸ், நான் பிரேக் பிடிச்சா வைப்பர் நின்னுடறது."

நான் சிரித்தேன். சும்மா அல்ல, பக்கத்து டிங்கரிங் கடைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

"டீச்சரே, பிரேக்கு ஆயில்ல ஓடுவது. வைப்பரு கரண்டுல ஓடுவது. ரெண்டுக்கும் தம்மில ஒரு பந்தமும் கிடையாது கேட்டேளா. உங்களுக்கு அப்படித் தோணுவதாக்கும்."

நான் ஜாப் கார்டில் 'வைப்பர் ஸ்லோ' என்று எழுதினேன். அது அவர் சொன்னது இல்லை, எனக்கு வசதியானது. முதல் தடவை எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினேன். இரண்டாம் தடவை சுவிட்சை மாற்றினேன். மூன்றாம் தடவை எங்கெங்கோ தேடி நல்ல மோட்டார் ஒன்றைப் பிடித்துப் போட்டேன். பழைய மோட்டாரிலும் பழுது இருந்ததாக இப்போது நான் நம்பவில்லை.

3. ஷெட்டில் ஒரு நாள் முழுக்க

வியாழக்கிழமை வேறு வேலை எதையும் தொடவில்லை. மோட்டார் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தேன். சுத்தமாகப் பன்னிரண்டு வோல்ட். பியூஸ் பாக்ஸில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. பியூஸ் புதுசு, அது உட்காரும் கிளிப்பும் நான் தேய்த்துத் தேய்த்ததில் மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஹோஸால் தண்ணீர் அடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் வைப்பரை ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டைப் பிரித்து, சாப்பிடாமல் மூடிவைத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன மோட்டார் என்னை இப்படிப் படுத்தியதில்லை. ஷெட்டில் ஓடுகிறது, ரோட்டில் நிற்கிறது. அப்படியானால் ரோட்டில் நடக்கிற ஏதோ ஒன்று ஷெட்டில் நடக்கவில்லை. அதுவரைதான் எனக்குப் புத்தி போனது.

பியூஸ் பாக்ஸில் மோட்டாருக்குப் போகும் பக்கத்திலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்தேன். பாடியிலிருந்து இன்னொன்று. இரண்டையும் பானெட் இடுக்கு வழியாக, முன் ஜன்னலின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே கொண்டுவந்து மீட்டரில் மாட்டினேன். பிறகு டீச்சருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மழை வந்தா ஷெட்டுக்கு வாங்க. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல இருந்து பார்க்கேன்."

4. வெள்ளிக்கிழமை மழை

மூன்று மணிக்கு மழை பிடித்தது. டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓட்ட உட்கார்ந்தார். மீட்டர் என் மடியில், பிளாஸ்டிக் கவருக்குள்.

கரமனைப் பாலத்திலிருந்து கிள்ளிப்பாலம் வரை மீட்டர் பதினொன்றுக்கு மேலேயே நின்றது. வைப்பரும் ஓடியது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. டீச்சர் பிரேக்கை மிதித்தார்.

மீட்டர் ஒன்பதுக்கு இறங்கியது. வைப்பர் தவழ ஆரம்பித்தது. வலது பக்கம் திரும்ப அவர் இண்டிகேட்டரைப் போட்டார். மீட்டர் ஆறு. வைப்பர் கண்ணாடி நடுவில் நின்றுபோனது. பெட்ரோல் முள்கூடக் குனிந்தது.

"டீச்சர், பிரேக்குலேர்ந்து காலை எடுங்க."

எடுத்தார். வைப்பர் கிளம்பியது.

"மிதியுங்க."

நின்றது.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை பண்ணிக் காட்டட்டுமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிரேக் ஆயிலில் ஓடும், சரி. பிரேக்கை மிதித்தால் பின்னால் இரண்டு சிவப்பு லைட் எரியுமே, அது எதில் ஓடும்? எத்தனை பிரேக் லைட் மாற்றியிருப்பேன்! அந்த வண்டியில் வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் கேஜ் எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ். ஷெட்டில் நான் தனியாகச் சோதிக்கும்போது என் தலை பானெட்டுக்குள் இருக்கும், கால் தரையில் இருக்கும். பிரேக்கை யார் மிதிப்பது?

ஷெட்டுக்குத் திரும்பியதும் பியூஸ் பாக்ஸைத் தொட்டேன். விரலைச் சுட்டது. கழற்றித் திருப்பினேன். முன்பக்கம் நான் மினுக்கி வைத்திருந்த கிளிப்பைப் பின்பக்கத்தில் பிடித்திருக்கும் ரிவெட் பச்சைக் களிம்பு பூத்து, சுற்றிலும் கருகியிருந்தது. அடைத்துக்கொண்ட பைப்பில் ஒரு குழாய் திறந்தால் தண்ணீர் வரும், மூன்றைத் திறந்தால் எதிலும் வராது. அதே கதைதான். லோடு இல்லாமல், அதாவது எதையும் ஓட்டாமல் அளந்தால் பன்னிரண்டு காட்டும். அந்தப் பன்னிரண்டை நம்பித்தான் நான் மூன்று மாசம் ஏமாந்தேன்.

புது பியூஸ் பாக்ஸ் போட்டு, ஒயர் நுனிகளை வெட்டிப் புது டெர்மினல் அடித்தேன். டீச்சரையே பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வைப்பர், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் ஓடும்போது மீட்டர் பன்னிரண்டை விட்டு இறங்கவில்லை.

5. சனிக்கிழமை

காலையிலிருந்தே மழை. எறணாகுளத்துக்காரர் கொல்லம் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது. ரகு பின்சீட்டில் உட்கார்ந்தார், நான் முன்னால். டீச்சர் வேண்டுமென்றே கிள்ளிப்பாலம் வழியாகவே போனார். சிக்னல் பச்சையாக இருந்தது. வண்டியை மெதுவாக உருட்டி, சிவப்பு விழும்வரை காத்திருந்து, பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரைப் போட்டார். பின்னால் அதே மாதிரி ஒரு பஸ்.

வைப்பர் நிற்கவில்லை. அந்தச் சிவப்பு முழுக்க ஓடியது. அது போய் வருவதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வைப்பரை இப்படி எண்ணுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"என்ன பண்ணினேள் அண்ணா? எப்படிக் கண்டுபிடிச்சேள்?" என்றார் ரகு.

பியூஸ் பாக்ஸைப் பற்றி ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மூடினேன்.

"நான் கண்டுபிடிக்கல தம்பி. உங்க அம்மா மூணு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சு என்கிட்ட பறஞ்சாங்க. நான் சிரிச்சேன். தப்பு என்னோடதாக்கும்."

டீச்சர் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். பச்சை விழுந்தது. கியரை மாற்றி வண்டியை எடுத்துக்கொண்டே, "ரகு, அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. பாவம், மழைல இதுக்கு மேல வரவேண்டாம்" என்றார். ரகு போனை எடுத்தார்.

நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இரண்டுதான். லோடு கொடுக்காமல் வோல்டேஜைப் பார்த்துவிட்டு "கரண்டு வருது" என்று சொல்லாதீர்கள். கஸ்டமர் சொல்வது அபத்தமாக இருந்தாலும், சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று ஷெட்டுக்குப் போய் அந்த முதல் ஜாப் கார்டைத் தேடி எடுத்தேன். 'வைப்பர் ஸ்லோ' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் மேலே எழுதினேன்: 'நான் பிரேக் பிடிச்சா வைப்பர் நின்னுடறது.'