புதுத் தாழ்ப்பாள்

இது நெம்மேலியில், ரேணுகா குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது. அழுதுகொண்டே அவள் சொன்னதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மகள் ஹரிப்ரியாவுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. 'ம்மா' என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடலோரத்து அந்த வீட்டுக்குக் குடிவந்த வாரமே கொதிக்கிற சாம்பார்ச் சட்டியைப் பிடித்து இழுத்துவிட்டாள். மயிரிழையில் தப்பினாள். கம்பெனி பஸ் ஓட்டும் அவள் அப்பா ரஞ்சித்குமார் அன்றே கடைக்குப் போனான். பிளக் ஓட்டைகளை மூடி போட்டு அடைத்தான். பினாயில், ஆசிட் பாட்டில்களைப் பரணில் ஏற்றினான். பாத்ரூம், சமையலறை, படுக்கையறை மூன்றுக்கும் வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், புதுத் தாழ்ப்பாள் அடித்தான்.

ராத்திரி மூவரும் கூடத்தில் படுத்தார்கள். மறுநாள் காலை மூன்று கதவும் திறந்து கிடந்தன.

"போடாமயே தூங்கிட்டியா?" என்றான் ரஞ்சித்.

"சத்தியமா போட்டேங்க. பாப்பா பக்கெட் தண்ணில வுழுந்தா இன்னா ஆவறது? அத்தப் போயி மறப்பனா?"

அடுத்த நாளும் அப்படியே. தாழ்ப்பாள்களில் கயிறு கட்டினாள். விடிந்தபோது முடிச்சுகள் அவிழ்ந்திருந்தன. கயிறு தரையில் ஈரமாகக் கிடந்தது. எடுத்து முகர்ந்தாள்... கடல் நாற்றம்.

ரஞ்சித் நம்பவில்லை. அவளே எழுந்து திறக்கிறாள் என்றான். பெரிய சண்டையாகிவிட்டது. சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் அவள் சோறு வடிக்க வேண்டும். குழந்தை அவள் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. படுக்கையறையில் கட்டில்கூட இல்லை, வெறும் பாய்தான். அங்கே ஒன்றும் ஆகாது. பொம்மைகளைக் கொடுத்து உள்ளே விட்டாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

கஞ்சி வடிந்துகொண்டிருந்தது.

தப்... தப்... தப்...

படுக்கையறைக் கதவு. சின்னக் கைகள்.

"தோ வரேன் செல்லம்."

தப்... தப்... தப்...

"தொறம்மா..."

ரேணுகாவின் கை அப்படியே நின்றது. ஹரிப்ரியாவுக்குத்தான் பேச வராதே?

"தொறம்மா... மூச்சு முட்டுது..."

ஓடினாள். கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் பாதத்தைத் தொட்டது. தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். நகம் பிய்ந்தது.

"ஐயோ... சாமி... என் உசுர எடுத்துக்கோ... அவள வுட்டுடு!"

தேங்காய் உடைக்கும் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

தட்டுவது நின்றுவிட்டது.

டங்... தாழ்ப்பாள் தெறித்தது.

கதவருகே யாரும் இல்லை.

தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அறையின் நடுவே புடவைத் தூளி. அவள் கழற்றி வைக்க மறந்த தூளி. அதன் துணி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்க... ஹரிப்ரியா தொங்கிக்கொண்டிருந்தாள். முகம் நீலம். கால் தரையில் படவில்லை.

துணியைப் பிரித்தாள். முதுகைத் தட்டினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

ஒன்றுமில்லை...

ஒன்றுமில்லை...

பிறகு ஒரு இருமல். ஒரு அழுகை.

பக்கத்து வீட்டு முனியம்மா ஓடிவந்தாள். அவள்தான் ஆட்டோ பிடித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை கூட வந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"தொறம்மா, தொறம்மான்னு கத்துனது யாரு ரேணுகா?" முனியம்மா மெல்லக் கேட்டாள். "எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சி. அத்தக் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

"பாப்பாவுக்குப் பேச்சே வரலியே..." என்றாள் ரேணுகா.

முனியம்மாவின் முகம் வெளுத்தது.

"அந்த வூடு கட்றதுக்கு முந்தி அங்க ஒரு குடிசை இருந்துச்சி. புள்ள கடலாண்ட போயிடக்கூடாதுன்னு அவங்கம்மா வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவா. சுனாமி அன்னிக்கும் போட்டுட்டுத்தான் போனா."

"அப்ப... அந்தப் புள்ள?"

"புள்ளயும் கெடைக்கல, குடிசையும் இல்ல. கதவு மட்டும் நிலையோட சவுக்குத் தோப்புல கெடந்துச்சி. போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே."