குளத்து மீனில் பூத்த வெள்ளை

என் அண்ணன் கண்ணைப் பறித்தவன் நீ. நாட்டாமை, உன்னைத்தான் சொல்கிறேன்.

அகரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் குளத்தில் பங்குனி வரைக்கும் யாரும் வலை போடக் கூடாது. தண்ணீர் வற்றிய பிறகு ஊரே இறங்கிப் பிடிக்கும். அதுதான் கட்டுப்பாடு. ஊருக்குக் கரண்டு வந்ததற்கு முந்தின மார்கழியில் அதை நீயே உடைத்தாய். டவுனிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று இழுவலையை இறக்கச் சொன்னாய். குளிரில் மீன்கள் அடித்தரையில் அசையாமல் கிடந்தன. உன் ஆட்கள் இரண்டு தடவை அரித்து இழுத்தார்கள். பெரிய மீன்களை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கரையிலிருந்து கல் எறிவதுபோல் தண்ணீருக்குள் எறிந்தார்கள். செதில் உரிந்து, துடுப்பு கிழிந்துதான் அவை உள்ளே போயின. இடுப்பில் குடத்தோடு நின்று நான் பார்த்தேன்.

பத்து நாள் கழித்துக் கெண்டைகள் செத்து மிதந்தன. உடம்பில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை.

அண்ணன் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை பார்த்தான். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப் போடுகிற வேலை. சாயங்காலம் ஊருக்கு வந்ததும் குளத்தில்தான் கைகால் கழுவுவான். பழி போட உனக்கு அது போதுமாயிருந்தது.

"ஏலே, தோல் ஷாப்புச் சுண்ணாம்பக் கொண்டாந்து கொளத்துல கரைச்சியா?"

"கைதான் கழுவுனேன் ஐயா. அதுக்கா இம்புட்டு மீனு சாகும்?"

"எதுத்தா பேசுற?" என்று வலைக்கம்பால் அவன் தாடையில் போட்டாய். இரண்டு பல் தெறித்தது.

நான் செத்த மீன் ஒன்றைத் தூக்கி உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நகத்தால் அந்த வெள்ளையை இழுத்தேன். நூல் நூலாக வந்தது. அடியில் செதில் உரிந்த புண்.

"சுண்ணாம்பு இப்படி நூலா வருமா? உரிஞ்ச எடத்துல மட்டும் பூஞ்சை புடிச்சிருக்கு. வலையில மாட்டாத மீனு நல்லாத்தான நீந்துது, பாருங்க!"

"பொட்டச்சி மீனுக்கு வைத்தியம் பாக்குறாடோய்!" என்று கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே அண்ணனை மிதித்தது. தடுக்கப் போன என்னை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

"சுண்ணாம்புன்னா என்னன்னு அவனுக்குக் காட்டுங்கடா" என்றாய்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பைச் சட்டியோடு கொண்டுவந்தார்கள். நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, இரண்டு கண்ணிலும் ஊற்றினார்கள். ஆட்டை அறுக்கும்போதுகூட அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

தையில் வெயில் ஏறியது. மீன் சாவது நின்றது. அண்ணனுக்குப் பார்வை திரும்பவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அவன் மகளைப் பெண் பார்க்க வடமதுரையிலிருந்து வந்தவர்கள், காப்பி குடித்த தம்ளரைக் கீழே வைக்குமுன் கேட்டார்கள்: "கொளத்துல விஷம் வச்சவரு வீடு இதுதானாமே?" அண்ணன் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். வந்தவர்களும் போய்விட்டார்கள்.

நீ இன்னும் நாட்டாமையாகத்தான் இருக்கிறாய். கோயில் முன்னால் ஊரைக் கூட்டு. மைக் வை. மார்கழிக் குளிரில் வலை போடச் சொன்னது யார்? மீன் எதனால் செத்தது? அண்ணன் கண்ணில் சுண்ணாம்பை ஊற்றச் சொன்ன வாய் யாருடையது? என் வீட்டு வாசலில் தனியாக வந்து மன்னிப்பு என்று முணுமுணுக்காதே. அவன் மகள் கேட்க, ஊர் கேட்க, உரக்கப் பதில் சொல்.